பழைய ஃபைபர் படகுக்கு ஏன் கொப்புளம் போடுகிறது?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் முதன்முதலாகச் சொந்தப் படகு வாங்கப் போகிறார், புதுசுக்குக் காசு பத்தாது, பழசுதான். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு படகு பார்க்கப் போயிருக்கிறார்கள். அவர் ஒரு ரூபாய்க் காசால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தாராம், ஓரிடத்தில் இருந்த சின்னக் கொப்புளத்தைக் கத்தி முனையால் கீறி, வழிந்ததை விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு, "வேண்டாம் மக்களே" என்று எழுந்துவிட்டாராம். அவர் எதைத்தான் முகர்ந்து பார்த்தார் என்று கேட்கிறார் வாசகர்.

வினிகர் வாடையை. தண்ணீரில் கிடந்த படகுக்குள் வினிகர் வாடை எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை.

தட்டிப் பார்ப்பதை முதலில் முடித்துவிடுவோம். பானை வாங்கும்போது செய்வதேதான். கண்ணாடி இழையும் அதை ஒட்டிப் பிடிக்கும் ரெசின் என்ற பிசினும் இறுகிப் பிடித்திருந்தால் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும். உள்ளே அடுக்குகள் விட்டுப்போயிருந்தால் மேல் அடுக்கு மட்டும் தனியாகத் தளர்வாக அதிரும், 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். அவ்வளவுதான்.

இப்போது கொப்புளத்துக்கு வருவோம். ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் ஊற்றுவது பாலியெஸ்டர் ரெசின். அமிலமும் ஆல்கஹாலும் கைகோத்தால் எஸ்டர், கூடவே ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும் என்று பள்ளியில் படித்திருப்போம். ரெசின் ஆலையில் நடப்பதும் அதே, பெரிய அளவில்: கலவையைச் சூடாக்கி, வெளிவரும் தண்ணீரை விரட்டி விரட்டித்தான் அந்த நீளச் சங்கிலிகளைக் கட்டுகிறார்கள். அப்படி விரட்டப்பட்ட தண்ணீர், படகு கடலில் இறங்கிய நாளிலிருந்து திரும்பி வரப் பார்க்கிறது.

வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கிறதே, அது ஜெல்கோட், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். பார்க்கச் சுவர் மாதிரி இருந்தாலும் தண்ணீர் மூலக்கூறுக்கு அது சல்லடைதான், வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக நுழைந்துகொண்டே இருக்கும். நுழைந்தது என்ன செய்யும்? எஸ்டர் பிணைப்பை வெட்டி, பழையபடி அமிலமாகவும் கிளைகால் என்ற ஆல்கஹாலாகவும் பிரிக்கும். பிரிந்த அமிலம் சும்மா இருக்காது, அடுத்த பிணைப்பு உடைவதையும் வேகப்படுத்தும். படகு கட்டிய அன்று, ஈர ரெசினிலிருந்து காற்றை நசுக்கி வெளியேற்றும் ரோலரைச் சரியாக ஓட்டாமல் விட்ட காற்றுக்குமிழி ஒன்று உள்ளே இருந்தால், இந்த அமிலமும் கிளைகாலும் அங்கே போய்த் தேங்கும்.

இனி சவ்வூடு பரவல். உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விடுகிறதே, அதே விதி: நீர்த்த பக்கத்திலிருந்து அடர்ந்த பக்கத்துக்குத் தண்ணீர் போகும். குமிழிக்குள் அடர்ந்த கரைசல், வெளியே கடல், நடுவில் ஜெல்கோட். தண்ணீர் உள்ளே வரலாம், கிளைகாலும் அமிலமும் அவ்வளவு எளிதில் வெளியே போக முடியாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஒருநாள் ஜெல்கோட்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். எப்போதோ ஒருவர் ரோலர் ஓட்டுவதில் காட்டிய அவசரம் இன்றைக்குப் புடைத்துக்கொண்டு நிற்கிறது! 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஏகப்பட்ட ஃபைபர் படகுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்டதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில்தான் கொப்புளம் சீக்கிரம் வரும். கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதை மிஞ்சும் அளவுக்கு உள்ளே கரைசல் அடர்ந்தால்தான் இழுவை பலக்கும், நல்ல தண்ணீரில் கொஞ்சம் அடர்ந்தாலே போதும். அதனால் அணைக்கட்டிலோ ஏரியிலோ வருடக்கணக்கில் மிதந்த படகை, "உப்பே படாத வண்டி" என்று விற்றால் சந்தோஷப்பட வேண்டாம். தினம் மணலில் இழுத்துப் போட்டுக் காய்ந்த படகுக்கு இந்தத் தொல்லை குறைவு, அதற்கு அடிப்பகுதி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாங்குகிறவர் படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றிய அன்றே பார்ப்பது நல்லது, சில நாள் காய்ந்தால் கொப்புளம் அமுங்கிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் சின்னப் புடைப்பும் நிழல் காட்டும். அடிப்பக்கத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் ஏன் என்று கேளுங்கள். கீறும்போது கண்ணைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அழுத்தத்தில் பீய்ச்சும். பெரியவரின் மூக்கு இல்லாதவர்கள் பள்ளி ஆய்வகத்து நீல லிட்மஸ் தாளைத் தொட்டுப் பார்க்கலாம். சிவந்தால், விரலில் பிசுபிசுத்தால், ரெசின் உடைகிறது என்று அர்த்தம். சிவக்காவிட்டால் வெறும் கடல் தண்ணீர் பெயின்டுக்கு அடியில் புகுந்ததாக இருக்கும், சுரண்டி மறுபடி அடித்தால் சரியாகிவிடும்.

மற்றவை வேகமாக. அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், என்ஜின் மாட்டும் பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும், என்ஜினின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகையும் சேர்ந்து அசைந்தால் உள்ளே மக்கியிருக்கிறது. கியர் ஆயில் பால் ஊற்றின காபி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. அப்புறம் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் படகில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள், பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

'ராசியில்லாத படகு' என்று ஒன்று ஊருக்கு ஊர் இருக்கும். எலுமிச்சையும் மிளகாயும் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், தொங்கும், ஆனாலும் டீசல் குடிக்கும், மெதுவாகப் போகும். என் சந்தேகமெல்லாம் உள்ளே தண்ணீர் குடித்து ஊறிப்போன பிளைவுட்டும் ஃபோமும்தான். ஒரு நாள் தராசில் ஏற்றிப் பார்த்தால் ராசி எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும்.

கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரத்துக்கு ஃபைபர் உறை போட்டுத் தோணி செய்து பார்த்தது மாதிரியான வேலைகள் செய்தியில் அதிகம் வருவதில்லை. ராக்கெட்டுக்குக் கைதட்டுவதில் தப்பில்லை, படகு ரெசினுக்கும் கொஞ்சம் ஆராய்ச்சிக் காசு ஒதுக்கலாம்.

வாசகரின் அண்ணனுக்கு: கொப்புளம் ஓரிரண்டு என்றால் விட்டு ஓட வேண்டியதில்லை. அந்த இடத்து ஜெல்கோட்டை உரித்து, நல்ல தண்ணீரில் பல முறை கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டு, எபாக்சி என்ற வேறு வகை ரெசினைப் பூசலாம். அந்தச் செலவையும், காயும் வரை கடலுக்குப் போகாத நாட்களையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம் முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தால், பெரியவர் சொன்னதுதான்.