பாதி பழுதான சிப்பும் பதினைந்து நிறமும்

பச்சை மரம் ஒன்று. அதைக் கடந்து மஞ்சள் நிற வீரன் நடக்கிறான். அவன் உடம்பு மரத்தின் மேல் பட்டதும் மரத்தின் ஒரு துண்டும் மஞ்சளாகிறது. விலகியதும் பழையபடி பச்சை. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் விளையாடியவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணினியில் மிகவும் பிடித்ததே இதுதான். இது ஏன் நடக்கிறது என்று புரிந்தால் பாதிக் கணினி புரிந்த மாதிரி.

இங்கிலாந்தின் கிளைவ் சின்க்ளேர் 1980இல் இசட்எக்ஸ்80, 1981இல் இசட்எக்ஸ்81 என்று இரண்டு கருப்பு வெள்ளைக் கணினிகளை 100 பவுண்டுக்குள் விற்றுக் காட்டியிருந்தார். 1982 ஏப்ரல் 23 அன்று வண்ணத்தோடு ஸ்பெக்ட்ரம் வந்தது. 16 கிலோபைட் நினைவகத்துக்கு 125 பவுண்டு, 48 கிலோபைட்டுக்கு 175. அப்போது போட்டிக் கணினியான பிபிசி மைக்ரோவின் பி மாடல் ஏறக்குறைய 400 பவுண்டு. விலை இவ்வளவு இறங்க வேண்டுமானால் நினைவகத்தில் கை வைத்தே ஆக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரையில் குறுக்கே 256 புள்ளிகள், நெடுக்கே 192, மொத்தம் 49,152. ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுக்க நான்கு பிட் வீதம் 24,576 பைட் ஆகும் (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்). சின்ன மாடலின் மொத்த நினைவகத்தையும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும்! அதனால் புள்ளிக்கு ஒரே ஒரு பிட்: எரிகிறதா, இல்லையா. அதற்கு 6,144 பைட். நிறத்தைப் புள்ளிக்குக் கொடுக்காமல், எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டத்துக்கு ஒரு பைட் என்று கொடுத்தார்கள். 768 கட்டம், 768 பைட். அந்த ஒரு பைட்டில் மூன்று பிட் எரியும் புள்ளிகளின் நிறம், மூன்று பிட் பின்னணி நிறம், ஒன்று பிரகாசம், ஒன்று மினுக்கல். எட்டு நிறமும் இரண்டு பிரகாசமும் சேர்ந்தால் பதினாறு வர வேண்டும்; கருப்பு எப்படியும் கருப்புதான், ஆகவே பதினைந்து. ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறத்துக்கு மேல் இடமில்லை. வீரன் கால் வைத்த கட்டத்தில் மரமும் மஞ்சளானது இதனால்தான்.

48 கிலோபைட் மாடலின் கூடுதல் 32 கிலோபைட் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் அழகு. 64 கிலோபிட் நினைவகச் சிப்களில் சிலவற்றில் ஒரு பாதி மட்டும் பழுதாகி வரும். தயாரிப்பாளர்கள் அவற்றை 32 கிலோபிட் சிப் என்று மலிவாக விற்றார்கள். சின்க்ளேர் அவற்றை எட்டெட்டாகப் பொருத்தினார். எட்டிலும் ஒரே பக்கத்துப் பாதி நன்றாக இருக்க வேண்டும். எந்தப் பாதி என்று சொல்ல போர்டில் ஒரு சின்னக் கம்பி இணைப்பு.

செயலி 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80ஏ. படத்தைத் திரைக்கு அனுப்பும் வேலை ரிச்சர்ட் ஆல்ட்வாசர் வடிவமைத்த யூஎல்ஏ என்ற சிப்பினுடையது. செயலியும் யூஎல்ஏவும் ஒரே நேரத்தில், திரையின் படம் இருக்கும் கீழ் 16 கிலோபைட் நினைவகத்தைக் கேட்டால், யூஎல்ஏ செயலியின் கடிகாரத்தையே சற்று நிறுத்திவைக்கும். வேகம் தேவைப்பட்ட நிரலை விளையாட்டு எழுதியவர்கள் மேல் 32 கிலோபைட்டில் வைத்ததற்கு அதுவே காரணம்.

அப்புறம் நல்ல விசைப்பலகையோடு ஸ்பெக்ட்ரம்+, 1985இல் ஸ்பெயினில் முதலில் வெளியான 128 மாடல். 1986இல் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் இந்த வரிசையை வாங்கி, கேசட் பொருத்திய +2வையும், மறு வருடம் டிஸ்க் பொருத்திய +3யையும் விட்டது. 1992இல் உற்பத்தி நின்றது.

ஆனால் ஸ்பெக்ட்ரம் என்றால் கேசட்தான்; விளையாட்டு அந்த நாடாவிலிருந்துதான் நினைவகத்தில் ஏறும். நொடிக்குச் சுமார் 1,500 பிட். 48 கிலோபைட் ஏற ஐந்து நிமிடம் போலாகும். திரை ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமும், பிறகு நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும். நடுவில் அட்டைப்படம் மேல், நடு, கீழ் என்று மூன்று பகுதிகளாக, ஜன்னல் பலகைகள் ஒவ்வொன்றாக மூடுவது போல வரிவிட்டு வரி நிரம்பும். அரை நிமிடம் தாண்டியும் படம் கருப்பு வெள்ளையாகவே இருக்கும். கடைசியாக அந்த 768 பைட் வரும். நான்கே நொடியில் மேலிருந்து கீழாக, கட்டம் கட்டமாக, முழுப் படத்துக்கும் நிறம் ஏறிவிடும்.