"எந்த விதியின் கீழ் எழுந்தீர்கள்?": ஒழுங்குப் பிரச்சினையும் மேசைக்கு வர வேண்டிய தாளும்

மக்களவை நேரலையைக் கொஞ்ச நேரம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. அமைச்சர் பேசிக்கொண்டிருப்பார். எதிர் வரிசையில் ஓர் உறுப்பினர் விதிப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தபடி எழுவார். "எந்த விதி?" என்று சபாநாயகர் கேட்பார். "376" என்று பதில் வரும். கூச்சல் கிளம்பும். இவர்களுக்கு இதே வேலை என்று நாமும் சேனலை மாற்றிவிடுவோம். மாற்றாதீர்கள் என்பேன். பல நேரம் அந்தச் சண்டையே நமக்கு வந்து சேர வேண்டிய ஒரு தகவலைப் பற்றியதுதான்.

376வது விதி சொல்வது ஒழுங்குப் பிரச்சினை. அவையில் எல்லோர் வாயிலும் 'பாயிண்ட் ஆஃப் ஆர்டர்'. அவை நடத்தை விதியோ, அவை அலுவலை ஒழுங்குபடுத்தும் அரசியலமைப்புப் பிரிவோ மீறப்படுகிறது என்று தோன்றினால் எந்த உறுப்பினரும் இதை எழுப்பலாம். அந்த நிமிடம் அவை எடுத்துக்கொண்டிருக்கும் அலுவலைப் பற்றியதாக அது இருக்க வேண்டும். அதன் மேல் விவாதம் கிடையாது. சபாநாயகர் விரும்பினால் சிலரைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். அதுவே முடிவு.

எதற்கெல்லாம் எழுப்பக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. தன் நிலையை விளக்குவதற்காக எழுப்பக் கூடாது. தீர்மானம் வாக்குக்கு விடப்படும்போது கூடாது. நடக்காததை யூகித்துக்கொண்டு எழுப்பக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முதலில் நிற்பது: தகவல் கேட்பதற்காக எழுப்பக் கூடாது. உறுப்பினர்கள் அடிக்கடி தடுக்கி விழுவது இங்கேதான். "அந்த அறிக்கை எங்கே?" என்று கேட்டால் சபாநாயகர் உட்காரச் சொல்லிவிடலாம். "அந்த அறிக்கையை மேசையில் வைக்காதது (அதாவது அவையில் முறைப்படி தாக்கல் செய்யாதது) இன்ன விதிக்கு மாறானது" என்றால் அவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். விதி எண் தெரியாதவர் நியாயமே பேசினாலும் தோற்பது இதனால்தான்.

அப்படியானால் கையில் இருக்க வேண்டிய எண் எது? 368. அவையில் இதுவரை வைக்கப்படாத ஓர் அரசு ஆவணத்திலிருந்து அமைச்சர் மேற்கோள் காட்டினால், அந்த ஆவணத்தை அவர் மேசையில் வைக்க வேண்டும். தனக்கு வசதியான ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு மீதியை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள முடியாது. நல்ல விதி. ஆனால் இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. ஆவணத்தை வெளியிடுவது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று அமைச்சர் சொன்னால் வைக்க வேண்டாம். ஆவணத்தின் சாரத்தைத் தன் சொந்த வார்த்தையில் சொன்னாலும் வைக்க வேண்டாம்.

இரண்டாவது விலக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓர் அணையைப் பற்றி நிபுணர் அறிக்கை இருப்பதாக வைத்துக்கொள்வோம். "மதகுகளைப் பழுதுபார்த்த பின் அணை பாதுகாப்பாக இருக்கும்" என்ற வரியை அமைச்சர் தாளைப் பார்த்து அப்படியே வாசித்தால், முழு அறிக்கையும் மேசைக்கு வர வேண்டும். "நிபுணர்கள் அணை பாதுகாப்பானது என்கிறார்கள்" என்று தன் பேச்சாகச் சொல்லிவிட்டால் வர வேண்டியதில்லை. 'பழுதுபார்த்த பின்' என்ற இரண்டு சொல் காணாமல் போனது யாருக்கும் தெரியாது. அதனால்தான் அமைச்சர் வாசித்தாரா, சொன்னாரா என்று உறுப்பினர்கள் அப்படி மல்லுக்கு நிற்கிறார்கள். அந்தச் சண்டையை அற்பம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

கடமை ஒரு பக்கத்துக்கு மட்டும் இல்லை. ஒருவர் மீது அவதூறாகக் குற்றம் சாட்ட நினைக்கும் உறுப்பினர், சபாநாயகருக்கும் சம்பந்தப்பட்ட அமைச்சருக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்கிறது 353வது விதி. விசாரித்துப் பதில் சொல்ல அமைச்சருக்கு நேரம் வேண்டும் அல்லவா? அமைச்சரோ வேறு உறுப்பினரோ அவையில் சொன்ன தகவல் தவறு என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்ட விரும்பினால், சபாநாயகரின் 115வது வழிகாட்டுதலின்படி விவரத்தை அவருக்கு எழுதி, அனுமதி வாங்கித்தான் பேச வேண்டும்.

அப்புறம் மசோதா நகல். அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்னதாக உறுப்பினர்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்பது 19பி வழிகாட்டுதல். காரணம் சொல்லி அமைச்சர் கேட்டால் சபாநாயகர் இதைத் தளர்த்தலாம். 2023 செப்டம்பர் 19 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் முதல் அமர்விலேயே மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா துணை அலுவல் பட்டியல் (அன்றைய அலுவல் பட்டியலோடு பிறகு சேர்க்கப்படும் கூடுதல் பட்டியல்) வழியாக வந்தது. நகல் எங்கே என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கேட்க, இணையத்தில் ஏற்றியாகிவிட்டது என்றது அரசுத் தரப்பு. தாள் கைக்கு வருவதும் திரையில் ஏறுவதும் ஒன்றா? என் கேள்வி அதைவிட எளியது: படிக்க நேரம் கொடுத்தார்களா?

இதற்கெல்லாம் நீதிமன்றம் போகலாமே என்று தோன்றும். அரசியலமைப்பின் 122வது பிரிவு, நடைமுறையில் ஒழுங்கீனம் என்ற காரணத்தை மட்டும் காட்டி நாடாளுமன்ற நடவடிக்கையின் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது. அவைக்குள்ளேயே, அந்த நிமிடமே கேட்டால்தான் உண்டு.

தகவலுக்கென்றே இருக்கும் வாசல் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள். இவற்றுக்கு வாய்மொழிப் பதில், அதன் மேல் துணைக் கேள்வி. 230 நட்சத்திரக் குறியில்லாத கேள்விகள்; இவற்றுக்கு எழுத்துப் பதில் மட்டும், துணைக் கேள்வி கிடையாது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதை 2020இல் பார்த்தோம். கொரோனாவைக் காரணம் காட்டி அந்த செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் ரத்து. எழுத்துப் பதில் மட்டும்தான். ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படி ஒரு தரவு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. "ஏன் இல்லை?" என்று அங்கேயே எழுந்து கேட்க ஒருவருக்கும் வழி இல்லை.

பதிலில் "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று இருந்தால் விட்டுவிடாதீர்கள். அது வெறும் சாக்கு அல்ல. கணக்கில் ஏறும் உறுதிமொழி. நிறைவேற்ற 3 மாதம் கெடு. தவறினால் அவகாசம் கேட்க வேண்டும். மக்களவை உறுப்பினர்களைக் கொண்ட அரசு உறுதிமொழிகள் குழு இதைக் கண்காணிக்கிறது. கேள்வியும் பதிலும் நாடாளுமன்ற இணையதளத்தில் தேதி, அமைச்சகம் வாரியாகக் கிடைக்கும். உங்கள் ஊர் விஷயத்தில் அப்படி ஒரு பதில் கண்ணில் பட்டால், கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.