என்ர முகம் என்ர முகமில்லையாம்

“அக்கா, என்ர முகம் என்ர முகமில்லையாம்.”

லண்டனில் என்னிடம் வேலைச் சட்ட ஆலோசனைக்கு வந்த யாழ்ப்பாணத் தம்பி ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்தார். சாப்பாட்டு டெலிவரி செய்பவர். இரவு வேலைக்கு நடுவே செயலி செல்ஃபி கேட்க, தெருவிளக்கடியில் நின்று எடுத்து அனுப்பியிருக்கிறார். பொருந்தவில்லையாம். சில நாள் இப்படியே போய், அப்புறம் கணக்கே முடங்கிவிட்டது. கோபத்தில் செயலியை அழித்துவிட்டார். கையிலிருந்த ஆதாரமும் அதோடு போயிற்று.

கணக்கை வேறு ஆளுக்கு வாடகைக்கு விடுவதைத் தடுக்கத்தான் இந்தச் சோதனை என்கின்றன நிறுவனங்கள். அப்படி விடுபவர்கள் இருக்கிறார்கள், சரி. ஆனால் மென்பொருள் எல்லா முகத்தையும் ஒரே மாதிரி படிப்பதில்லை. 2018இல் ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் மூன்று நிறுவனங்களின் முக மென்பொருளைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 வரை போனது. அது ஆணா பெண்ணா என்று பிரிக்கும் சோதனை, ஆளை அடையாளம் காண்பது வேறு. ஆனாலும் எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்கள் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

இங்கிலாந்தில் ஊபர் ஈட்ஸுக்கு வேலை செய்த கறுப்பினத்தவர் ஒருவரின் கணக்கு 2021இல் இப்படி முடங்கியது. தொழிற்சங்கமும் சமத்துவ, மனித உரிமை ஆணையமும் துணைநிற்க, வேலை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயம் போனார். 2024 மார்ச்சில் நிறுவனம் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. முகச் சோதனை காரணமில்லை என்றே சொன்னது. சமரசமானதால், பாகுபாடா இல்லையா என்று தீர்ப்பு வரவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு குறைதான்.

“அவர்கள் வேண்டுமென்றா செய்தார்கள்?” என்று பலர் தயங்குகிறார்கள். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் அதை நிரூபிக்க வேண்டியதில்லை. பொதுவான விதி ஓர் இனத்தவரைக் கூடுதலாகப் பாதித்து, அதற்குத் தக்க நியாயம் இல்லாவிட்டால் அது மறைமுகப் பாகுபாடு. ஒரு சிக்கல் உண்டு: ‘உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால், வேலையை நீங்களே செய்யக் கட்டாயமில்லை, அதனால் இந்தச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது என்று நிறுவனம் வாதாடலாம். அந்த ஒப்பந்தத்தையும் எடுத்து வாருங்கள்.

செயலியை அழிக்காதீர்கள். வந்த செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஒரு மனிதர் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உங்களைப் பற்றி வைத்திருக்கும் தரவையும் கேளுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். தீர்ப்பாயக் காலக்கெடு குறுகியது, தள்ளிப்போடாதீர்கள்.

தம்பிக்கும் தரவு கேட்டு எழுதினோம். வந்த கோப்பில் பதினொரு செல்ஃபி இருந்தன. ஒன்றில் ஹெல்மெட் நிழல் விழுந்திருந்தது. பதினொன்றிலும் அவர்தான்.