இரண்டு வருடம் இங்கிலாந்து: பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் வாங்குவது எப்படி?

வேலைக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ ஒன்றிரண்டு வருடம் இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் விசா, டிக்கெட், வீடு எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் பள்ளியைப் பற்றி யோசிக்கிறார்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் இந்த வரிசை சரிப்படாது. அங்கே அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது பெரும்பாலும் நீங்கள் குடியிருக்கும் முகவரியைப் பொறுத்தது. எந்தப் பள்ளியில் காலி இடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அப்புறம் வீடு பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். (இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.)

முதலில், உங்கள் பிள்ளைக்கு உரிமை உண்டா? பெரும்பாலும் உண்டு. பணி விசாவில் வருகிறவரோடு டிபெண்டன்டாக (அவரைச் சார்ந்த குடும்பத்தினராக) வரும் பிள்ளை அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் படிக்கலாம். விசா நிபந்தனையில் ‘பொது நிதி உதவி பெறக் கூடாது’ என்று இருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளிக் கல்வி அந்தக் கணக்கில் வராது. வெளிநாட்டுக் குடிமகன் என்பதற்காகவோ, குடிநுழைவு நிலையைக் காரணம் காட்டியோ அரசுப் பள்ளி இடம் மறுக்கக் கூடாது. விசாவில் படிக்க அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது பெற்றோரின் பொறுப்பு.

இரண்டு விசாக்களில் மட்டும் கவனம் தேவை. பிள்ளையின் பெயரிலேயே எடுக்கும் ‘சைல்ட் ஸ்டூடண்ட்’ விசா கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளுக்கானது; அதில் வந்து அரசுப் பள்ளியில் சேர முடியாது. விசிட்டர் விசாவும் அரசுப் பள்ளியில் படிப்பதற்காகத் தரப்படுவதில்லை. மாணவர் விசாவில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளில், முனைவர் பட்டம் போன்ற ஆராய்ச்சிப் படிப்புக்கோ அரசு உதவித்தொகையில் படிக்கவோ வருகிறவர்கள்தான் குடும்பத்தை அழைத்து வரலாம். வழக்கமான முதுகலைப் படிப்புக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அடுத்து, எந்த வகுப்பு? இதில் பள்ளியோடு வாதாடிப் பயனில்லை. ஊரில் எந்த வகுப்பு முடித்தான், எவ்வளவு படிக்கத் தெரியும் என்பதையெல்லாம் பார்க்காமல், பொதுவாக வயதை வைத்தே வகுப்பை முடிவு செய்கிறார்கள். கணக்கு ஆகஸ்ட் 31 வரை. 4 வயது முடிந்ததும் வரும் செப்டம்பரில் ‘ரிசப்ஷன்’ என்னும் தொடக்க வகுப்பு, அதற்கு அடுத்த செப்டம்பரில் ‘இயர் 1’. 2020 ஆகஸ்ட் 20-இல் பிறந்த பிள்ளை 2025 செப்டம்பரில் இயர் 1-க்குப் போகும். 2020 செப்டம்பர் 5-இல் பிறந்த பிள்ளை அதே மாதம் ரிசப்ஷனில்தான் உட்காரும். பதினாறே நாள் வித்தியாசம், ஒரு வகுப்பு மாறிவிடுகிறது. சட்டப்படி கட்டாயக் கல்வி தொடங்குவது 5 வயது முடிந்த பிறகு வரும் பள்ளிப் பருவத்திலிருந்து (டெர்ம்).

செப்டம்பர் ரிசப்ஷனுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அதே ஆண்டு ஜனவரி 15. இடம் அறிவிப்பது ஏப்ரல் 16. தற்காலிகமாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தேதிகளைத் தவறவிட்டிருப்பார்கள், அல்லது நடு வருடத்தில் போய் இறங்குவார்கள். அவர்களுக்கான வழி ‘இன்-இயர்’ சேர்க்கை, அதாவது வழக்கமான காலத்துக்கு வெளியே சேர்வது. எப்படி விண்ணப்பிப்பது என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் (அந்தந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பு) தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். சில ஊர்களில் எல்லாப் பள்ளிக்கும் கவுன்சிலிடமே விண்ணப்பிக்கலாம்; சில இடங்களில், குறிப்பாக அகாடமி பள்ளிகளுக்கும் (அரசு நிதியில், ஆனால் கவுன்சிலின் கட்டுப்பாட்டில் இல்லாமல் நடப்பவை) மதம் சார்ந்த பள்ளிகளுக்கும், நேராகப் பள்ளியிடமே கேட்க வேண்டும்.

எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் இடம் காலி என்று பெற்றோர் கேட்டால் கவுன்சில் சொல்லியாக வேண்டும் என்பது 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பள்ளிச் சேர்க்கை விதித்தொகுப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்: ‘இன்ன பகுதிக்கு வருகிறோம், ரிசப்ஷனில் ஒருத்தி, இயர் 2-இல் ஒருவன், இரண்டு வகுப்பிலும் இடம் உள்ள பள்ளிகள் எவை?’ வரும் பதிலை வைத்து வீடு தேடுங்கள். நல்ல பள்ளி என்று பேர் எடுத்த ஒரே பள்ளியைக் குறிவைத்து, கூடுதல் வாடகைக்கு அதன் வாசலிலேயே வீடு பிடித்தாலும், வகுப்பு நிறைந்திருந்தால் இடம் கிடையாது. இரண்டு வருடத்துக்கு அந்தப் பந்தயம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

வகுப்பு நிறைந்துவிட்டது என்று சொன்னால் சிறு பிள்ளைகள் விஷயத்தில் அது வெறும் சாக்கு அல்ல. ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 மூன்றிலும் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள்தான் என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. விதிவிலக்குகள் குறைவு. அவற்றில் ஒன்று உங்களுக்கே பொருந்தலாம்: வழக்கமான சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு அந்தப் பகுதிக்குக் குடிவந்து, நியாயமான தூரத்தில் வேறு எந்தப் பள்ளியிலும் இடமில்லாத பிள்ளையை 31-ஆவதாகவும் சேர்க்கலாம்.

விண்ணப்பம் கிடைத்து 15 பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும்; 10 நாட்களுக்குள் சொல்ல முயல வேண்டும் என்பதும் விதி. ‘பள்ளி நாள்’ என்பதை மறந்துவிடாதீர்கள். ஜூலைக் கடைசியில் விண்ணப்பித்தால் கோடை விடுமுறை ஒரு நாளும் கணக்கில் சேராது, செப்டம்பரும் ஓடிவிடும். முகவரிச் சான்றுக்குப் பெரும்பாலும் வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். ஊரில் இருந்துகொண்டே அனுப்பலாமா, வந்து இறங்கிய பிறகா என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். முதல் மின்னஞ்சலிலேயே அதையும் கேட்டுவிடுங்கள்.

கேட்ட பள்ளி கிடைக்காவிட்டால்? கிடைத்த இடத்தை விடாதீர்கள். அதை ஏற்றுக்கொண்டாலும் வேறொரு பள்ளியின் காத்திருப்போர் பட்டியலில் இருக்கலாம். அந்தப் பட்டியலில் ‘முதலில் வந்தவருக்கு முதலிடம்’ என்ற பேச்சே கிடையாது. பெயர் சேர்ந்த தேதியைப் பார்க்கவே கூடாது. தூரம், அண்ணன் தங்கை அங்கே படிப்பது போன்ற அந்தப் பள்ளியின் முன்னுரிமைகளின்படி ஒவ்வொரு முறையும் வரிசை மாற்றி அமைக்கப்படும். நேற்று வந்த குடும்பம், ஆறு மாதமாகக் காத்திருப்பவரைத் தாண்டிப் போகலாம். புதிதாகப் போகிறவர்களுக்கு இது லாபம்தான், சில சமயம் இதுவே எதிராகவும் திரும்பும். இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு வெவ்வேறு பள்ளிகள் கிடைத்தால், ஒருவரை முதலில் சேர்த்துவிட்டு மற்றவருக்கு உடன்பிறந்தோர் முன்னுரிமை கேட்பது பலர் செய்கிற வழி.

மறுப்புக் கடிதம் வந்தால் சுயாதீனக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். மனு கொடுக்கக் குறைந்தது 20 பள்ளி நாள் அவகாசம் தர வேண்டும்; நடு வருட விண்ணப்பம் என்றால் மனு கொடுத்த 30 பள்ளி நாளுக்குள் விசாரிக்க வேண்டும். ஆனால் அந்த 30 பேர் வரம்பைக் காட்டி மறுத்திருந்தால் ஜெயிப்பது கடினம். பக்கத்தில் எந்தப் பள்ளியிலும் இடமில்லாமல் பிள்ளை நான்கு வாரத்துக்கு மேல் வீட்டிலேயே இருந்தால், ‘ஃபேர் ஆக்சஸ்’ ஏற்பாட்டின் கீழ் இடம் தேடித் தரச் சொல்லிக் கவுன்சிலிடம் கேளுங்கள்.

தூரத்துப் பள்ளிதான் கிடைத்தது என்றால் போக்குவரத்தைக் கேட்க மறக்காதீர்கள். இடம் உள்ள பொருத்தமான பள்ளிகளில் அதுதான் அருகிலுள்ளது என்றால், 8 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 2 மைலுக்கு மேலும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 3 மைலுக்கு மேலும் இலவசப் போக்குவரத்து உண்டு. ரிசப்ஷன் முதல் இயர் 2 வரை மதிய உணவும் எல்லாருக்கும் இலவசம்.

இன்னும் சின்னப் பிள்ளையா? 3 வயது முடிந்த அடுத்த பருவத்திலிருந்து வாரம் 15 மணி நேரம், ஆண்டுக்கு 38 வாரம், நர்சரி இலவசம். இது எல்லாருக்கும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கான 30 மணி நேரச் சலுகை வேறு. பெற்றோர் இருவருக்குமே பொது நிதி உதவி இல்லை என்று விசாவில் இருந்தால் அது கிடைக்காது. நர்சரிச் செலவு தலைசுற்ற வைக்கும் என்பதால் பட்ஜெட்டில் இதை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்தபின் ஒரு எச்சரிக்கை. கல்யாணம், திருவிழா என்று பள்ளி நாட்களில் அனுமதியில்லாமல் ஊருக்குக் கூட்டிப்போனால் அபராதம் வரலாம். 10 பள்ளி வாரங்களுக்குள் 5 நாள் அளவுக்கு இப்படி விடுப்பு சேர்ந்தாலே நடவடிக்கை பற்றி யோசிப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக 160 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டினால் முதல் முறை 80.