எண்டார்ஃபினும் காலாற நடப்பதும்

"ஒரு ரவுண்டு வாக்கிங் போய்ட்டு வாங்க சார், எண்டார்ஃபின் சுரக்கும், மனசு லேசாயிடும்." காலையில் பூங்காப் பக்கம் போனால் இந்த வைத்தியம் இலவசமாகக் கிடைக்கும். வார இதழ்கள் இதற்கு 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்றே பெயர் வைத்துவிட்டன. ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் மகிழ்ச்சியைக் காணோம், வலிதான் இருக்கிறது.

'எண்டோ' என்றால் கிரேக்கத்தில் உள்ளே. மிச்சம், கடும் வலியைத் தணிக்கும் மருந்தான மார்ஃபினின் வால். மார்ஃபினை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினியிலிருந்து, அதாவது கசகசாச் செடியின் உறைந்த பாலிலிருந்து, பிரித்தெடுத்தவர் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர்; கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரை அதற்கு வைத்தார். ஆக, எண்டார்ஃபின் என்பது உடம்புக்குள்ளேயே ஊறும் மார்ஃபின்.

அபினிச் சத்து போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பது 1973-இல் உறுதியானது. கசகசாச் செடியின் பாலுக்காக மூளை ஏன் இடம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்? உடம்பே அப்படி ஒன்றைத் தயாரிக்கிறது என்றால்தான் கணக்கு சரியாகும். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையில் அதைக் கண்டுபிடித்து, 'தலைக்குள் இருப்பது' என்ற பொருளில் என்கெஃபலின் என்றார்கள். இந்த வகை முழுவதற்கும் நிலைத்த பெயர் எரிக் சைமன் என்ற ஆய்வாளர் சூட்டிய எண்டார்ஃபின்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'மகிழ்ச்சி ஹார்மோன்' பொருளையே தவறவிடுகிறது. 'அகமார்ஃபின்' பாதிதான் தமிழ். என் ஓட்டு 'வலியாற்றி'க்கு. வலி மாத்திரையோடு குழம்பும் என்பீர்கள். வேலை ஒன்றுதானே, குழம்பட்டும்.

அப்புறம், நடந்தால் மனம் லேசாவது இதனால்தானா? கடுமையாக ஓடினால் ரத்தத்தில் எண்டார்ஃபின் கூடுவது உண்மை. ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது எளிதில் தாண்டாது. 2015-இல் ஜெர்மனியில் எலிகளை ஓடவிட்டு, எண்டார்ஃபினின் வழியை அடைத்துப் பார்த்தார்கள். ஓடிய எலிகளின் பதற்றம் அப்போதும் தணிந்தது. கஞ்சா ஏற்பிகளை அடைத்தபோதுதான் அந்தப் பலன் போனது. கஞ்சா ஏற்பியில் போய் ஒட்டும், உடம்பே தயாரிக்கும் பொருளின் பெயர் ஆனந்தமைடு. நம் காதுக்குப் பழகிய அதே வடமொழி ஆனந்தம்தான், வேதியியல் வாலோடு. 1992-இல் ஜெருசலேமில் மெக்கூலம் குழுவினர் கண்டுபிடித்து வைத்த பெயர். (இதுவும் பன்றி மூளையிலிருந்துதான். பாவம் பன்றிகள்.) எண்டார்ஃபினுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது, இரண்டு மணி நேரம் ஓடியவர்களின் மூளையில் அது வேலை செய்ததற்கான தடயத்தை 2008-இல் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு மணி நேரம் ஓடுகிறவர் யார்? நாம் போவது தெருமுனைவரை. அந்த நடைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. வீட்டில் வாக்குவாதம் முற்றினால் என் அத்தை, "போய் காலாற நடந்துட்டு வா" என்பார். வாக்கிங் என்ற சொல்லில் வேகமும் கிலோமீட்டரும் தொற்றிக்கொண்டுவிட்டன. காலாற நடப்பதில் அவை கிடையாது. கைவீசி மூச்சிரைக்கப் போகிறவரை அப்படிச் சொல்லவும் மாட்டோம். 'ஆறு' என்ற வினை சூடு தணிவதற்கும் வரும், புண் குணமாவதற்கும் வரும், கோபம் அடங்குவதற்கும் வரும். ஆறுதல் அதிலிருந்து வந்ததே. நடப்பது கால், ஆறுவது மனசு.

எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். கண்ணார, வயிறார, மனதார எல்லாம் 'ஆர்', அதாவது நிறைதல் என்ற வேர், இடையின ரகரம். காலாற வேறு வேர், வல்லின றகரம். மலேசியத் தமிழர் காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லும் பசியாறுதலும் இந்தப் பக்கம்தான்.