கலியாண வீட்டு வெக்கை: தண்ணி குடிக்காமல் பந்தலில் இருக்காதீர்கள்

வைகாசியும் ஆனியும் மட்டக்களப்பில் கலியாண மாதங்கள். ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் இன்னொரு சுற்று. மழையில்லாத, கச்சான் காற்று வீசுகிற காலமும் இதுதான். இந்த நாட்களில் பட்டுச் சாறியோடும் வேட்டி சால்வையோடும் பந்தலிலிருந்து நேரே என்னிடம் கூட்டிவரப்படுகிறவர்கள் உண்டு. மயங்கி விழுந்தவர்கள், வாந்தி எடுத்தவர்கள், தலையிடியில் கண் திறக்க முடியாதவர்கள். "பிரஷர் கூடிட்டு டொக்டர்" என்றுதான் கூட வந்தவர்கள் சொல்வார்கள். அளந்து பார்த்தால் அனேகமாகக் குறைந்துதான் இருக்கும்.

அறுபது தாண்டிய ஓர் அம்மாவை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். நாக்கு ஒட்டிப்போய், உதடு வெடித்து, நாடித்துடிப்பு மெல்லியதாக வேகமாக ஓடியது. காலையிலிருந்து என்ன குடித்தீர்கள் என்று கேட்டேன். விடியக் குடித்த ஒரு பிளேன்டீ மட்டும். பிரஷருக்காகச் சிறுநீர் போக்கும் குளிசையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார். ஏன் தண்ணி குடிக்கவில்லை என்றதற்கு அவர் சொன்ன பதிலை நான் பல பெண்களிடம் கேட்டிருக்கிறேன்: "குடிச்சா அடிக்கடி போகணுமே மகன். சாறியோட அங்க எப்படிப் போறது?"

நம்முடைய ஊர்க் கலியாணங்களில் பெண்கள் வெக்கையில் விழுவதற்குப் பெரிய காரணம் இந்தக் கழிப்பறைப் பிரச்சினைதான் என்று நான் நினைக்கிறேன். நூற்றுக்கணக்கானோர் வருகிற வீட்டில் ஒரு கழிப்பறை, அதற்கும் சமையல்காரர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் முதல் நாள் இரவிலிருந்தே வாயைக் கட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எழும்பியதிலிருந்து புறப்படும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று கிளாஸ் குடியுங்கள், புறப்படுமுன் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். பக்கத்தில் தெரிந்த வீடு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. அங்கே போனபிறகும் மணிக்கு ஒரு கிளாஸாவது உள்ளே போகட்டும். சிறுநீர் தேயிலைச் சாயம் போல இருந்தால் நீங்கள் குடித்தது போதவில்லை. கலியாணம் செய்கிறவர்களும் வீடியோவுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கை எடுத்து, பெண்களுக்கென்று தண்ணி வசதியோடு தனிக் கழிப்பறை ஒன்றைத் தற்காலிகமாகவாவது அமைத்துக் கொடுங்கள்.

கச்சான் மேற்கிலிருந்து மலை தாண்டி இறங்கி வருகிற காய்ந்த காற்று. அதில் வியர்வை உடனே உலர்ந்துவிடும். உடம்பு நனையாததால் ஒன்றும் இழக்கவில்லை என்று தோன்றும், ஆனால் தண்ணி போய்க்கொண்டே இருக்கும். காற்று விழுந்து கடற்பக்கத்து ஈரம் ஏறினால் கதை மாறும். வியர்வை ஊற்றும், உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஈரப்பதன் 70 சதவீதமாக இருந்தால் உடம்புக்கு அது 41 பாகை போலத் தாக்கும். இது நிழலில் உள்ள கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே, நெருக்கமாகப் போட்ட கதிரைகளுக்கு நடுவில், வீடியோ லைட்டுக்கு முன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்பு கிடுகுப் பந்தல் போட்டார்கள், அது வெயிலை மறித்துக் காற்றை விட்டது. தகரமும் தறப்பாளும் மழைக்கு நல்லவை, வெயிலுக்கு அல்ல.

ஆகவே இடம் பார்த்து உட்காருங்கள். மணவறைக்கு முன்வரிசை மரியாதைதான், ஆனால் வயதானவர்களுக்குப் பந்தலின் ஓரம், காற்று நுழைகிற பக்கம் நல்லது. நனைத்த கைலேஞ்சியைக் கழுத்திலும் முன்கையிலும் ஒற்றிவிட்டு ஃபேன் முன்னால் இருங்கள், உடனே வித்தியாசம் தெரியும். காற்றே 40 பாகைக்கு மேல் சுட்டால் வெறும் ஃபேன் சூட்டைத்தான் வீசும். வாழ்த்தவும் படம் எடுக்கவும் வரிசையில் அசையாமல் நிற்கும்போது இரத்தம் காலில் தேங்கித் தலை கிறுகிறுக்கும். காலை மாற்றி மாற்றி ஊன்றுங்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் அங்கேயே உட்காருங்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வருகிறவரைப் பார்ப்பதைவிட, நிலத்தில் உட்கார்ந்தவரைப் பார்ப்பது எங்களுக்குச் சந்தோஷம்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொலியெஸ்டர் கலந்த பளபளப்புச் சாறியைவிட மருதமுனைக் கைத்தறி பகல் முகூர்த்தத்துக்கு நூறு மடங்கு சுகம். சின்னப் பிள்ளைகளுக்குக் கோட் போட்டால் படம் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். தூங்கிய பிள்ளையைப் பூட்டிய காரில் விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் சரி. 10 நிமிடத்திலேயே உள்ளே 10 பாகையளவு சூடு ஏறிவிடும். இன்சுலினையும் காரில் வைக்க வேண்டாம்.

பிரஷர், இருதயம், சீனி வருத்தம் உள்ளவர்கள் குளிசையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. கலியாணத்துக்கு முன் வருகிற கிளினிக்கில் "இப்படி ஒரு நாள் வெயிலில் இருக்கப் போறேன்" என்று கேளுங்கள். தண்ணிக்கு அளவு வைக்கப்பட்டவர்கள் இங்கே சொன்ன கணக்கைப் பின்பற்றாமல் உங்கள் வைத்தியர் சொன்னதையே பின்பற்றுங்கள். சிறுநீரக வருத்தக்காரருக்கு இளநீரும் ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம். மற்றவர்களுக்கு மோர், தேசிக்காய்த் தண்ணி, இளநீர் எல்லாம் நல்லவை. சோடாவை ருசிக்குக் குடிக்கலாம், தாகத்துக்கு அல்ல.

களைப்பு, தலையிடி, குமட்டல் என்றால் நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, ஜீவனி என்ற உப்பு-சீனித் தூள் ஒரு பக்கெட்டை ஒரு லீட்டர் தண்ணியில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஆனால் உடம்பு கொதித்துக்கொண்டு, ஆள் தடுமாறிப் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டும் எழும்பாவிட்டாலோ அது வெப்ப அதிர்ச்சி. வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயிராபத்து. 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு ஒருவர் கோல் எடுக்கட்டும். வண்டி வரும்வரை மற்றவர்கள் சும்மா நிற்கக் கூடாது: இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, வாளி வாளியாகத் தண்ணி ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். சோடாப் பெட்டியில் ஐஸ் இருக்கும், அதைத் துணியில் சுற்றிக் கழுத்து, கக்கம், தொடையிடுக்கில் வையுங்கள். பட்டுச் சாறி நனையுமே என்று யோசிக்காதீர்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், பனடோலும் வேண்டாம், அது இந்தச் சூட்டைக் குறைக்காது.