ஆக்ஸிஜனேற்றி அல்ல, ஆக்ஸிஜனேற்றத் தடுப்பி

கிரீன் டீயில் ஆக்ஸிஜனேற்றிகள் நிறைந்திருக்கின்றன, அதை முல்தானி மட்டியோடு குழைத்து முகத்தில் போட்டால் சருமம் பொலிவு பெறும் என்று அழகுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்பதற்குத் தமிழாம் இது. சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருளைத் தரும் சொல்.

பள்ளி வேதியியலில் ஆக்ஸிஜனேற்றி என்றால் இன்னொரு பொருளை ஆக்ஸிஜனேற்றம் செய்வது, அதாவது அதனிடமிருந்து எலக்ட்ரானைப் பறிப்பது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஓர் ஆக்ஸிஜனேற்றி. முடியை வெளுக்க வைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான். ‘ஆன்டி’யை முழுங்கிவிட்டு மீதியை மட்டும் மொழிபெயர்த்ததன் விளைவு, படிப்பவர்கள் இது சருமத்துக்குள் ஆக்ஸிஜனை ஏற்றும் சத்து என்றே நம்பிவிடுகிறார்கள்.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. ஆக்ஸிஜன் என்ற பெயரை பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 18ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சொற்களிலிருந்து அமைத்தார். ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்று பொருள். ‘ஆன்டி’ என்றால் எதிர். ரப்பர் கெடாமலும் எண்ணெய் காறிப்போகாமலும் காக்கும் பொருள்களுக்கு வழங்கிய சொல் பிற்பாடுதான் உணவுக்கும் சருமத்துக்கும் வந்தது.

சரி, ‘ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பொருள்’ என்று எழுதுகிறவர்கள்? பொருளைத் தலைகீழாக்கவில்லை, அந்த மட்டில் நல்லது. ஆனால் எதிர்ப்பொருள் என்பது ஏற்கெனவே நோய்க்கிருமியோடு மோதும் ஆன்டிபாடிக்கு வழங்குகிறது. இயற்பியலில் ஆன்டிமேட்டருக்கும் அதுவே. மூன்றாவது சுமையை அதன் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்? ‘ஆக்ஸிஜன் எதிர்ப்பி’ இன்னும் மோசம். இந்தப் பொருள்களுக்கு ஆக்ஸிஜனோடு பகை கிடையாது, அந்த வினையைத்தான் தடுக்கின்றன. முன்னொட்டைக் கண்டதும் ‘எதிர்’ போடுவது அகராதி வேலை. அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்பதுதான் மொழிபெயர்ப்பு.

என்ன செய்கிறது? தேயிலையில் இருக்கும் கேட்டசின்கள் என்ற சேர்மங்கள் தம்மிடமுள்ள எலக்ட்ரானைக் கொடுத்து, தாமே முதலில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, மற்றதைக் காக்கின்றன. ஆகவே தடுப்பி. ஆக்ஸிஜனேற்றத் தடுப்பி. கொஞ்சம் நீளம்தான், ஆனால் வேலையை உள்ளபடி சொல்கிறது. தனித்தமிழில் வேண்டுவோர் உயிர்வளியேற்றத் தடுப்பி எனலாம், எனக்கு மறுப்பில்லை. தடுப்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. தடுப்பி என்று புரிந்துகொண்டவருக்கு, இறக்கி வைத்த கிரீன் டீ நேரமாக ஆகப் பழுப்பாவதன் காரணமும் புரியும்: தடுப்பிகள் காற்றிலேயே செலவாகிக்கொண்டிருக்கின்றன. அதனால் தேயிலை நீரை அன்றன்றைக்கு எடுத்து, முகத்துக்கான மண்ணைப் பொடியாகவே வைத்திருந்து, பூசும்போது குழைப்பார். இரும்பு மிகுந்த செம்மண் வகையோடு தேயிலை நீர் சேர்ந்தால் கருக்கும் என்பதால் கயோலின் என்ற வெண்ணிறக் களிமண்ணைத் தேர்ந்தெடுப்பார். ஆக்ஸிஜனேற்றி என்று படித்தவருக்கு இதில் எதுவும் பிடிபடாது.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் களிமண் ‘மாஸ்க்’கை முகமூடி ஆக்கினார்கள். முகமூடி என்பது முகத்தை மறைப்பது. குழைத்து அப்புவதற்குச் சித்த மருத்துவத்தின் புற மருந்துகளில் பூச்சு, பற்று என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. வீட்டில் இன்றைக்கும் தலைவலிக்குச் சுக்கை அரைத்துப் பத்துப் போடுகிறோம். முகப்பற்று என்றால் யாருக்குப் புரியாது?

அப்புறம் ‘இன்ஃபியூஷன்’. அதைக் கஷாயம் என்று எழுதுவதும் தவறு. கஷாயம் கொதிக்க வைத்து வற்றக் காய்ச்சுவது. இலையையோ பூவையோ சுடுநீரில் போட்டு, மூடி வைத்து வடிப்பது ஊறல். செய்தித்தாளில் சாராய ஊறல் என்று வருகிறதே என்று கூச வேண்டாம். தேனூறல் என்று சித்த மருத்துவத்தில் ஒரு மருந்து வகையே இருக்கிறது. செம்பருத்தி ஊறல், கிரீன் டீ ஊறல் என்று தாராளமாக எழுதலாம்.